பழம் விடுவது எப்படி? பெரியவர்கள் மன்னிப்பு கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் இது எளிதாக இருந்தது. சண்டை வந்தால் சுண்டுவிரலை நீட்டிக் 'காய்' விடுவோம். மறுநாள் இடைவேளை மணி அடிப்பதற்குள் இரண்டு விரலை நீட்டிப் 'பழம்' விட்டுவிடுவோம். ஊருக்கு ஊர் விரல் மாறும், சடங்கு ஒன்றுதான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அந்த விரல் நீள மாட்டேன் என்கிறது.

எனக்கும் என் அக்காவுக்கும் ஏழு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. தப்பு என்னுடையது. திருச்சியில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் "உங்க அக்கா பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டார். "நீட் ரெண்டாவது தடவையும் போயிடுச்சு, வீட்லதான் இருக்கா" என்றேன். அந்த முடிவை அக்கா வெளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவள், ரசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அந்த ஏழு மாதத்தில் நான் செய்யாத தவறு இல்லை. அவற்றைச் செய்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும், செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு சோதனை: காபி போதுமா, வார்த்தை வேண்டுமா?

நம் வீடுகளில் மன்னிப்பு பெரும்பாலும் சமையலறை வழியாகத்தான் வரும். காலையில் கத்திய அம்மா மத்தியானம் கதவருகே வந்து, யாரையும் பார்க்காமல், "சாப்பாடு ஆறுது" என்பார். அப்பா என்றால் சாயங்காலம் ஒரு பொட்டலம் பக்கோடா. கணவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு "கடைக்குப் போறேன், ஏதாவது வாங்கணுமா?" என்பான். அவளும் புரிந்துகொண்டு "ரெண்டு தேங்கா" என்பாள். அவ்வளவுதான், ராசியாகிவிட்டார்கள். 'சாரி' என்ற சொல்லே அங்கே வரவில்லை.

இதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றாட உரசல்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் குடும்பம் நடத்த நேரம் இருக்காது. ஆனால் காபி டம்ளரால் எட்ட முடியாத காயங்கள் உண்டு. கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். நடந்ததை மூன்றாவது மனிதர் யாராவது பார்த்தார்களா, கேட்டார்களா? அதன் விளைவு இன்னும் தொடர்கிறதா (பணம், ரகசியம், போன மானம்)? இதே தப்பை முன்பும் செய்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் வார்த்தை வேண்டும்.

என் விஷயத்தில் மூன்றுக்குமே ஆமாம். ஆனால் நான் தீபாவளிக்கு அரைக் கிலோ நெய் மைசூர்பாகு அனுப்பினேன். அங்கிருந்து அதே எடையில் முறுக்கு வந்தது. பேச்சு வரவில்லை.

படி 1: ஆற வேண்டும், ஊறக் கூடாது

சண்டையின் சூட்டிலேயே மன்னிப்பு கேட்பது பெரும்பாலும் வீண். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் சண்டையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், பேசுகிறவர்களின் நாடித்துடிப்பையும் அளந்தார். நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறுவதில்லை. காது கேட்கிறது, மனம் பதில் தயாரிப்பதிலேயே இருக்கிறது. ஒரு சோதனையில் 'கருவி பழுது' என்று சொல்லித் தம்பதிகளின் பேச்சை நடுவில் நிறுத்தி, பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். பிறகு பேச்சைத் தொடர்ந்தபோது அதே கணவன் மனைவி வேறு ஆட்கள் மாதிரி பேசினார்களாம். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பது முக்கியம். மொட்டை மாடிக்குப் போய் "அவ சொன்னதுக்கு நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று வசனம் தயாரித்தால் நாடி இறங்காது. துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். போவதற்கு முன் "கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அதுவே அடுத்த சண்டை.

மறுபக்கம், ஆறப்போட்டது ஊறுகாயாகிவிடும். வீட்டுச் சண்டை என்றால் அன்றே, அல்லது மறுநாள். பெரிய காயம் என்றால் ஒரு வாரம். அதற்கு மேல் போனால் செய்த தப்போடு, கேட்காமல் இருந்த தப்பும் சேர்ந்துகொள்ளும். ஏழு மாதம் ஊறவைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஏன் இவ்வளவு இழுக்கிறோம்? 'ஈகோ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே போனால் வேறொன்று தெரியும். 2013-இல் டைலர் ஒகிமோட்டோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, மன்னிப்பு கேட்க மறுக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் தன்மதிப்பும் 'பிடி என் கையில்' என்ற உணர்வும் கூடுகிறது. அதாவது முறுக்கிக்கொண்டு நிற்பதில் உண்மையிலேயே ஒரு சுகம் இருக்கிறது. அது சுகம் என்று தெரிந்துகொண்டாலே பாதி இறங்கிவிடலாம்.

படி 2: என்ன செய்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் கடினமான படி. ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். 'நான்' என்று ஆரம்பித்து '-ஏன்' என்று முடியும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'நான் சொன்னேன்', 'நான் மறைத்தேன்', 'நான் வர மறுத்தேன்' என்ற மாதிரி.

சும்மா இருக்கும்போது எளிதாகத் தெரியும். தப்பு செய்தவர் கையில் பேனாவைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் நமக்கு நிறையப் பின்வாசல் வைத்திருக்கிறது. 'கோபம் வந்துடுச்சு' என்போம். வந்தது கோபம், நான் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தேன். 'வாய் தவறி வந்துடுச்சு' என்றால் குற்றவாளி வாய். 'கை நீண்டுடுச்சு' என்றால் கை. 'தப்பு நடந்துபோச்சு' என்றால் யாருமே இல்லை, தப்பு தானாகக் கால் முளைத்து நடந்திருக்கிறது. கடைசியில் 'எல்லாம் என் கெட்ட நேரம்' என்று கிரகங்கள் மேல் போட்டுவிடலாம். இந்த வாக்கியங்கள் எல்லாம் இலக்கணப்படி சரிதான். மன்னிப்பு என்ற முறையில் ஒன்றுக்கும் உதவாது.

என் முதல் சீட்டில் இருந்தது (பாப்பா என்பது அக்கா பொண்ணு): 'வளைகாப்பில் பாப்பா விஷயம் பேச்சோடு பேச்சாக வெளியில் வந்துவிட்டது.' மூன்று தடவை அடித்து எழுதிய பிறகு வந்தது: 'அக்கா என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை நான் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.' இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது வயிற்றில் என்னவோ செய்தது. அப்படிச் செய்தால் வாக்கியம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டில் எழுதுவது செயலாக இருக்க வேண்டும், குணமாக இருக்கக் கூடாது. 'நான் மோசமானவன்', 'எனக்கு அறிவே இல்லை' என்று ஆரம்பித்தால் எதிராளி நம்மைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். காயம் பட்டவரையே கட்டுப்போட வைப்பது அநியாயம்.

படி 3: வாயில் வரக்கூடாத சொற்கள்

'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க.' பணி ஓய்வு விழாவில் இதைச் சொல்லலாம், பொன்னாடை போர்த்திய பிறகு. வீட்டில் சொன்னால் எதற்கு மன்னிப்பு என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

'நான் பேசினது உன்னைக் கஷ்டப்படுத்தியிருந்தா சாரி.' இதை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான். அந்த 'இருந்தா'வில்தான் விஷம். கஷ்டப்பட்டாளா என்பதே சந்தேகம் என்கிறது அது. பட்டிருந்தால் அதற்குக் காரணம் அவளுடைய மென்மையான மனசு, என் பேச்சு இல்லை.

'தப்பா எடுத்துக்காதே', 'உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்', 'இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டியா', 'சரி விடு, நான்தான் கெட்டவன்' ஆகியவையும் இதே ரகம்தான், தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஆனா' பற்றிச் சொல்ல வேண்டும். 'நான் பண்ணது தப்புதான், ஆனா...' என்று ஆரம்பித்தால் 'ஆனா'வுக்கு முன்னால் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது நியாயமான குறையாகவே இருக்கலாம். அதை வேறு நாளைக்கு, தனிப் பேச்சாக வையுங்கள்.

வருத்தம் தெரிவிப்பதும் மன்னிப்பு கேட்பதும் ஒன்றல்ல. செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'வருத்தம் தெரிவித்தார்' என்று போட்டிருந்தால் ஆள் தப்பிவிட்டார் என்று பொருள். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது 1919 ஏப்ரல் 13. நூற்றாண்டுக்கு மூன்று நாள் முன்னால், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர் (கேன்டர்பரி பேராயர்) ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸ் வந்தார். அரசாங்கத்துக்காகப் பேசும் அதிகாரம் தமக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த நினைவிடத்தின் முன்னால் குப்புற விழுந்து வணங்கினார். இரண்டில் எது மனசில் நிற்கிறது?

படி 4: இடம், நேரம், ஆள்

ஆள்: நீங்கள். தூது அனுப்பாதீர்கள். நான் அத்தானிடம் சொல்லி அனுப்பினேன். "உன் தம்பி ரொம்ப வருத்தப்படறான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். "அப்படியா, அவனுக்கு வாய் இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான், அதே வாயால்தானே பந்தியில் பேசினேன்.

இடம்: தனியாக. நேரில் போக முடியாவிட்டால் போன், போன் எடுக்காவிட்டால் கையால் எழுதிய கடிதம். வாட்ஸ்அப் கடைசி. குரல் பதிவு அனுப்புவதாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். கைகூப்பும் படம் வேண்டாம், அதை நாம் அப்பார்ட்மென்ட் குழுவில் தண்ணீர் வராததற்கும் போடுகிறோம்.

நேரம்: எதிராளிக்குத் தலைக்கு மேல் வேலையும் மனசில் அவசரமும் இல்லாத நேரம். கையில் சின்ன வேலை இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு பேசுவதைவிட, இரண்டு பேரும் எதையோ பார்த்துக்கொண்டு பேசுவது எளிது. கீரை ஆயும்போது, நடைப்பயிற்சியின்போது, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்.

நான் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து "வா" என்றாள். 'வாடா' என்று சொல்லவில்லை. நான் எதிரே உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

படி 5: சொல்வது

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு சுற்றுகளில் மொத்தம் 755 பேர். முந்தைய வேலையில் வரிக் கணக்கைத் தப்பாகப் போட்ட ஒரு கணக்காளர் மன்னிப்பு கேட்பதாகச் சொல்லி, அது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். மன்னிப்பை ஆறு துண்டாகப் பிரித்திருந்தார்கள்: வருத்தம், நடந்ததன் விளக்கம், பொறுப்பேற்பு, இனி செய்ய மாட்டேன் என்ற உறுதி, சரிசெய்கிறேன் என்ற வாக்கு, மன்னிக்கும்படி வேண்டுகோள். ஆறும் சேர்ந்தால் நன்றாக எடுபடும். தனித்தனியாகப் பார்த்தால் 'தப்பு என்னுடையது' என்ற பொறுப்பேற்புதான் முதலிடம். அடுத்தது சரிசெய்கிறேன் என்பது. 'மன்னித்துவிடுங்கள்' என்ற வேண்டுகோள் கடைசி இடம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. பேச்சுத் தமிழில் 'என்னை மன்னித்துவிடு' என்று யார் சொல்கிறார்கள்? டிவி சீரியலில் சொல்வார்கள். வீட்டில் சொன்னால் சிரித்துவிடுவார்கள். 'சாரி' என்றால் கால் மிதித்த அளவுக்குத்தான் கனம். ஆனால் நம்மிடம் வேறொரு வாக்கியம் இருக்கிறது, இந்த ஆய்வில் முதலிடம் பிடித்த அதே சரக்கு: 'நான் பண்ணது தப்பு.' மூன்றே சொல். பின்னால் 'தான்' சேர்த்து 'தப்புதான்' என்றால் யாரோ வாதாடி ஒத்துக்கொள்ள வைத்த மாதிரி ஆகிவிடும். 'தப்பு' என்று நிறுத்துங்கள்.

ஆக வரிசை இப்படி: துண்டுச் சீட்டில் எழுதிய வாக்கியம். அது அவரை எங்கே தொட்டது என்று ஒரு வரி. 'நான் பண்ணது தப்பு.' முடிந்தால், எப்படிச் சரிசெய்வேன் என்பது. அரை நிமிடத்துக்கு மேல் போகாது.

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அக்கா, வளைகாப்புல பாப்பா ரிசல்ட்டை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். நீ என்னை நம்பித்தான் சொல்லியிருந்தே. அத்தனை பேர் நடுவுல நீ எழுந்து போக வேண்டியதாயிடுச்சு. நான் பண்ணது தப்பு."

அவள் பதில் சொல்வதற்குள் நான்கைந்து வெங்காயம் உரித்துவிட்டாள். அந்த இடைவெளியை நிரப்பாமல் இருக்க நான் பட்ட பாடு!

பிறகு கேட்டாள், "ஏன் சொன்னே?"

படி 6: வாயை மூடி, காதைத் திறங்கள்

இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள், ஏனென்றால் கட்டாயம் வரும். நானும் தயாராகத்தான் போனேன், 'அவர் திடீர்னு கேட்டுட்டார்' என்ற பதிலோடு. அந்த நேரத்தில் உண்மை வந்துவிட்டது. "எனக்கு உங்க வீட்டு விஷயம் எல்லாம் தெரியும்னு காட்டிக்கறதுக்கு." சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. காரணம் சொல்வதற்கும் சாக்குச் சொல்வதற்கும் வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்: சாக்கு நம்மைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டும், காரணம் அப்படிக் காட்டாது.

அதன் பிறகு நாற்பது நிமிடம் அவள்தான் பேசினாள். அந்த ஏழு மாதம் மட்டுமில்லை, 1998-இல் நான் அவளுடைய சைக்கிளை எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டு அவள் மேல் பழி போட்ட கதையும் வந்தது. ஒன்றைத் திறந்தால் பின்னால் இருப்பதெல்லாம் வரத்தான் செய்யும். 'அதை ஏன் இப்போ இழுக்கறே?' என்று கேட்டால் கதை முடிந்தது. அது பழைய பாக்கி, இன்றைக்குக் கடை திறந்திருக்கிறது, கேட்கிறார்கள்.

சிந்தியா ஃபிரான்ட்ஸ், கோர்ட்னி பெனிக்சன் என்ற இருவரின் 2005 ஆய்வு இதற்குப் பொருத்தமானது. சட்டென்று கேட்ட மன்னிப்பைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்த மன்னிப்பு அதிகம் எடுபட்டது. காரணம், அதற்குள் காயப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்திருந்தார், 'இவருக்குப் புரிந்திருக்கிறது' என்று தோன்றியிருந்தது. முந்திக்கொண்டு சொல்லும் சாரி பல நேரம் 'இத்தோடு வாயை மூடு' என்பதற்கு நாகரிகமான பெயர். எனவே நடுநடுவே 'அதான் சாரி சொல்லிட்டேனே' என்று சொல்லாதீர்கள். அவர் பேசி முடித்த பிறகு, தேவைப்பட்டால், இன்னொரு தடவை 'தப்பு' என்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது தடவைக்குத்தான் எடை அதிகம்.

படி 7: பரிகாரம்

பணம் என்றால் பணம், பொருள் என்றால் பொருள். உடைந்ததை வாங்கிக் கொடுங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். அதில் தத்துவம் எதுவும் இல்லை.

சொல்லால் வந்த காயம்தான் சிக்கல். ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: அடித்தது எத்தனை பேர் முன்னால், அத்தனை பேர் வரை மருந்து போக வேண்டும். அலுவலகக் கூட்டத்தில் இளையவரைத் திட்டிவிட்டு அறைக்குள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லும் மேலாளர் பாதி வேலைதான் செய்கிறார். அடுத்த கூட்டத்தில் "போன வாரம் நான் அவரிடம் பேசிய முறை தப்பு, கணக்கும் அவர் சொன்னதுதான் சரி" என்று சொன்னால் பதினைந்து விநாடி ஆகும். ஆனால் செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்தப் பேச்சு மறுபடி எழுவதே வேண்டாம் என்றிருக்கும். அக்கா அப்படித்தான் சொன்னாள். "மறுபடி அவங்ககிட்டப் போய் எதுவும் பேசாதே சாமி!"

இன்னொரு பரிகாரம், அதே சூழ்நிலை திரும்ப வரும்போது வேறு மாதிரி நடந்துகொள்வது. உளவியல் ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை பிரபலம்: 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த உறுதி அதிகம் நிற்கிறது. என் முடிச்சு: யாராவது சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்காங்க, நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன்." அச்சடித்த மாதிரி இதே வாக்கியம்தான். இதுவரை நான்கு விசேஷங்களில் காப்பாற்றியிருக்கிறது.

படி 8: அப்புறம் சும்மா இருங்கள்

'மன்னிச்சிட்டியா?' என்று கேட்காதீர்கள். அது பரீட்சை எழுதிய கையோடு மார்க் கேட்கிற மாதிரி. 'சிரி பார்ப்போம்' என்பதும் அப்படியே.

கேட்டுவிட்டால் உடனே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இரண்டு பக்கமும் எதிர்பார்க்கிறோம். 2011-இல் டேவிட் டி கிரெமரும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையில், 10 யூரோவை நம்பிக் கொடுத்து ஏமாந்தவர்களில் சிலர் உண்மையிலேயே மன்னிப்பு பெற்றார்கள், சிலர் மன்னிப்பு வந்ததாகக் கற்பனை மட்டும் செய்தார்கள். கற்பனை செய்தவர்கள்தான் அந்த மன்னிப்பை அதிகமாக மதித்தார்கள். 'ஒரு சாரி சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்று ஏங்கிக்கொண்டிருப்பவருக்கு, அது கிடைத்ததும் 'இவ்வளவுதானா?' என்று தோன்றுவது இயல்பு. அவர் முகம் உடனே மலரவில்லை என்றால் நடிக்கிறார் என்றோ வன்மம் என்றோ நினைக்க வேண்டாம்.

கேட்கக் கூடாத இடங்கள்

சண்டை வேண்டாமே என்று செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேட்பதைச் சிலர் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கரீனா ஷூமன், மைக்கேல் ராஸ் இருவரும் 2010-இல் நாட்குறிப்பு எழுத வைத்துப் பார்த்தார்கள். தப்பு என்று தாங்கள் கருதியவற்றில் ஆண்களும் பெண்களும் ஒரே விகிதத்தில்தான் மன்னிப்பு கேட்டார்கள். ஆண்களின் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்ததே குறைவு, அதுதான் வித்தியாசம். வீட்டில் எப்போதும் ஒருவரே இறங்கிப் போகிறார் என்றால், இன்னொருவர் முதலில் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம். அடிக்கிறவனிடம், மிரட்டுகிறவனிடம் சமாதானத்துக்காகக் கேட்கும் மன்னிப்பு இந்த வழிகாட்டியின் கணக்கில் வராது. அங்கே வேண்டியது பாதுகாப்பு.

கட்டாயப்படுத்தி வாங்குவதும் மன்னிப்பு ஆகாது. 2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊரடங்கு நேரத்தில் திருவிழா நடத்தியதற்காகப் பட்டியல் சாதிப் பெரியவர்கள் மூன்று பேரைப் பஞ்சாயத்தார் காலில் விழ வைத்த காட்சி வெளியாகி வழக்கானது. அதற்குப் பெயர் அவமானப்படுத்துவது. சின்ன அளவில் இதையே வீட்டிலும் செய்கிறோம், "போய் மாமாகிட்ட சாரி சொல்லு, போ!" என்று குழந்தையின் முதுகில் கை வைத்துத் தள்ளும்போது. அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது 'சாரி' என்பது ஒரு தண்டனை என்பதைத்தான்.

சின்னவர்களிடம்

நம் ஊர்ப் பெரியவர்கள் தங்களைவிடச் சின்னவர்களிடம் மன்னிப்பு கேட்பது அபூர்வம். மரியாதை போய்விடும் என்று பயம். அப்பா தன்னிடம் 'தப்பு என்னுது' என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் மட்டும் ஆமாம் என்றான். தேதி, கிழமை, அன்று போட்டிருந்த சட்டை வரை சொன்னான். மரியாதை போய்விட்டதாகத் தெரியவில்லை.

குழந்தைகளிடம் கேட்கும்போது இன்னும் சுருக்கமாகக் கேளுங்கள். 'நேத்து என்ன நடந்ததுன்னு கேக்காமலே உன்னை அடிச்சேன். அது தப்பு.' பின்னால் 'நீயும் ஒழுங்கா இருக்கணும்' என்ற வால் வேண்டாம். உடனே ஐஸ்கிரீமும் வேண்டாம், தப்பு செய்தால் விலை கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று புரிந்துகொள்வார்கள்.

அன்றைக்கு அக்கா பேசி முடித்து, வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "என்கிட்ட எதுக்குடா கேக்கறே? ரிசல்ட்டு அவளோடது. அவகிட்டக் கேளு." ஏழு மாதமும் எனக்கு அது தோன்றவே இல்லை. என் சீட்டில் பாப்பாவின் பெயர் விஷயமாக இருந்தது, ஆளாக இல்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. மாடி அறையில் இருந்தாள். கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று, புதிதாக ஒரு வாக்கியம் செய்து சொன்னேன். "உன் மார்க்கைப் பத்தி உன்னைக் கேக்காம ஊர்ல சொன்னேன். நான் பண்ணது தப்பும்மா." காதிலிருந்து ஹெட்போனைப் பாதி எடுத்திருந்தாள். "சரி மாமா" என்றாள். சிரிக்கவில்லை. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது பி.எஸ்சி. படிக்கிறாள். பண்டிகைக்குப் போனால் காபி கொண்டுவந்து வைக்கிறாள், வண்டி ஓட்டக் கற்றதைச் சொல்கிறாள், அப்பாவின் பிடிவாதத்தைப் பற்றிக் கேலி செய்கிறாள். செமஸ்டர் முடிவு வந்த செய்தி மட்டும் எனக்கு வருவதில்லை. நானும் கேட்பதில்லை.